நல்ல கடிதம் ஏன் குப்பைக்குப் போகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2011-ல் மின்னணுவியல் தொடர்பியல் துறையில் படித்து வெளியேறியவன். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை. இந்த மேடையில் பேசியவர்களெல்லாம் தாங்கள் சாதித்ததைச் சொன்னார்கள். நான் சொதப்பியதைச் சொல்ல வந்திருக்கிறேன். தலைவர் அண்ணன் தலைப்பைப் பார்த்துவிட்டு, "குப்பையா? சுகாதாரத்தைப் பற்றியா தம்பி?" என்று கேட்டார். இல்லீங்க அண்ணா, இது ஈ-மெயில் குப்பை. ஸ்பாம் என்று உங்கள் போனில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றி.

2023-ல் நம் சங்கச் செயற்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். தபாலில் அழைப்பிதழ் அனுப்பினால் செலவு அதிகம், பாதி திரும்பி வருகிறது, இனி எல்லாம் ஈ-மெயிலில்தான் என்று. யார் செய்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே." நெட்வொர்க் பார்ப்பவனுக்கும் மெயில் பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசம், எலும்பு டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் உள்ள வித்தியாசம். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் தடுத்தது. சரி என்று விட்டேன்.

மலிவாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்தேன். சங்க அலுவலகத்தில் ஒரு எக்செல் பட்டியல் இருந்தது. பல வருடச் சந்திப்புகளில் நோட்டில் எழுதி வாங்கிய முகவரிகள். ஏறக்குறைய 3000 பேர். யாஹூ, ரீடிஃப், ஹாட்மெயில், அண்ணன்மார்கள் எப்போதோ விட்டு வந்த கம்பெனிகளின் முகவரிகள், எல்லாம் கலந்து கிடந்தன. அழைப்பிதழை ஒரே படமாக ஒட்டி, தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி போட்டு, ஒரு ஜூலை மாத இரவில் மொத்தத்தையும் அனுப்பினேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெருமையாகத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் எழுநூற்றுச் சொச்சம் கடிதங்கள் முகவரி இல்லை என்று திரும்பியிருந்தன. "தபாலுக்கு இது தேவலை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதே ஆகஸ்டில், அதே சர்வரிலிருந்து, சங்கத்தின் அதே பெயரில், கல்வி உதவித்தொகைக் குழு ஒரு கடிதம் அனுப்பியது. விண்ணப்பித்த 31 மாணவர்களுக்கு: இந்தத் தேதியில் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும். 22 பேர் வந்தார்கள். ஒன்பது பேர் வரவில்லை. குழுவில் நானும் இருந்தேன். "வரலைன்னா தேவையில்லைன்னு அர்த்தம். எங்காவது வேற உதவி கிடைச்சிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். விண்ணப்பத்தில் போன் நம்பர் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

டிசம்பர் சந்திப்பில், அதோ அந்த வாசலில், பதிவு மேசையில் உட்கார்ந்து பேட்ஜ் எழுதிக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறாள். "சங்கத்தில் ஸ்காலர்ஷிப் தர்றோமேம்மா, நீ அப்ளை பண்ணலையா?" என்று கேட்டேன்.

"பண்ணேன் சார். லெட்டர் வரலை. நமக்கு இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை, வருத்தம்கூடக் குரலில் தெரியவில்லை. அடுத்த பேட்ஜை எழுத ஆரம்பித்துவிட்டாள். கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது என்பது பிறகு தெரிந்தது.

நாங்கள் 'அவளுக்கு வேண்டாம்' என்று நினைத்தோம். அவள் 'நமக்கு இல்லை' என்று நினைத்தாள். நடுவில் ஒரு இயந்திரம் அந்தக் கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. இரண்டு பக்கமும் யாருக்கும் அது தெரியாது.

அவள் போனில் ஸ்பாம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. ஜிமெயில் ஸ்பாம் பெட்டியில் உள்ளதை 30 நாளில் தானே அழித்துவிடும். நான்கு மாதம் ஆகிவிட்டதே. அதனால் அங்கேயே என் லேப்டாப்பிலிருந்து அவளுக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நேராக ஸ்பாமில் போய் விழுந்தது. "இதோ வந்திருச்சு சார்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

மற்ற எட்டுப் பேரையும் பிறகு விசாரித்தோம். அந்த ஒன்பது பேரும் டே ஸ்காலர்கள். ஹாஸ்டலில் ஒருவன் ஸ்பாமில் பார்த்துவிட்டு அறை அறையாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். வந்த 22 பேரில் பலர் அப்படி வந்தவர்கள்தான். பஸ் பிடித்து வந்து பஸ் பிடித்துப் போகிறவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அன்றிரவு அவளுடைய அனுமதியோடு அந்தச் சோதனைக் கடிதத்தின் மூலவடிவத்தைத் திறந்து பார்த்தேன். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கும் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் தலைப்பு வரிகள் எல்லாம் அதில் வரும். மாணவர்கள் இன்றைக்கே திறந்து பாருங்கள், ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. எங்கள் கடிதத்தில் எஸ்.பி.எஃப். என்ற இடத்தில் பிழை என்று இருந்தது. டி.கே.ஐ.எம். இல்லை. டிமார்க் இல்லை.

இந்த மூன்றும் என்ன என்று சொல்வதற்கு முன்னால், இவை ஏன் தேவைப்பட்டன என்று சொல்ல வேண்டும். மின்னஞ்சலை இன்றும் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக எழுதினார். அன்றைக்கு அந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தினரும் ஆய்வாளர்களும். ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், சரிபார்க்க வழி வைக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க் என்பவர் தங்கள் கம்ப்யூட்டரை விற்க அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கியிருந்தார். முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

மின்னஞ்சலுக்கும் தபாலைப் போலவே இரண்டு முகவரிகள் உண்டு. உறையின் மேல் ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் ஒன்று. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது உறை முகவரியை வைத்து. நம் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருக்கும் 'ஃப்ரம்' முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய விதியில் கட்டாயம் இல்லை. திருடனுக்கு இது வசதி. உங்கள் வங்கியின் பெயர் உள்ளே இருக்கும், உறையில் வேறு எவனோ இருப்பான்.

எஸ்.பி.எஃப். உறையைப் பார்க்கிறது. நம் டொமைனுக்கு டி.என்.எஸ். என்று ஒரு பொது அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில், "எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர இந்தச் சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். நான் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் இணையதளத்தை அமைத்தவர் சில வருடங்களுக்கு முன்பே ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அதைத் திருத்தி என் சர்வரையும் சேர்த்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இன்னொரு வரி போட்டுவிட்டேன். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். வரி இருந்தால் இரண்டும் செல்லாது என்பது விதி. பலகையில் இரண்டு பட்டியல் இருந்தால் வாட்ச்மேன் எதை நம்புவார்? இந்த ஒரு தவறை இன்றும் நிறைய இடங்களில் பார்க்கிறேன். சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டி.கே.ஐ.எம். என்பது அரக்கு முத்திரை. அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தில் ஒரு கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி அதே அறிவிப்புப் பலகையில் இருக்கும். வழியில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. நம்மில் சிலர் ஒரு முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டு வைத்திருக்கிறோம். அப்படித் திருப்பும்போது கொண்டுவருகிற சர்வர் வேறு என்பதால் எஸ்.பி.எஃப். தோற்றுப்போகும். முத்திரை தோற்காது. ஆகவே ஒன்று போதும் என்று இருந்துவிடக் கூடாது.

டிமார்க் 2012-ல் வெளிவந்தது. அது முதல் இரண்டையும் நம் கண்ணில் படுகிற ஃப்ரம் முகவரியோடு ஒட்டிப் பார்க்கிறது. உறையில் இருக்கும் டொமைனாவது, முத்திரையில் இருக்கும் டொமைனாவது ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று நாமே பலகையில் எழுதி வைக்கலாம்: ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்பாமில் போடு, அல்லது வாங்காதே. யார் யார் நம் பெயரில் அனுப்புகிறார்கள் என்று தினமும் அறிக்கையும் வரும். முதல் மாதம் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று வைத்துவிட்டு அறிக்கையை மட்டும் பார்த்தோம். நாங்கள் மறந்தேபோன ஒரு பழைய நன்கொடைப் படிவம், எங்கோ ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு, சங்கத்தின் பெயரில் நன்றிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. எடுத்தவுடன் 'வாங்காதே' என்று எழுதியிருந்தால் அந்த நன்றிக் கடிதங்களையும் நாங்களே கொன்றிருப்போம். அவசரப்படாதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கண்டிப்பாகக் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களும் முதல் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கும் இதே வழிக்கு வந்தது.

இங்கேதான் என் போன்றவர்கள் ஏமாறுகிறோம். மூன்றையும் போட்டாயிற்று, பச்சை நிறத்தில் 'பாஸ்' என்று வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று. நம் ஹாஸ்டல் கேட்டில் ஐ.டி. கார்டு காட்டினால் வாட்ச்மேன் தாத்தா உங்களை யார் என்று தெரிந்துகொள்வார். உள்ளே விடுவாரா என்பது வேறு விஷயம். போன வாரம் சுவரேறிக் குதித்தவன் நீங்கள் என்றால், கார்டு இருப்பதாலேயே நன்றாகத் தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவார். ஸ்பாம் அனுப்புகிறவனும் எஸ்.பி.எஃப். போடுகிறான், முத்திரை குத்துகிறான். கார்டு வேறு, நடத்தை வேறு.

எங்கள் நடத்தை எப்படி இருந்தது? நேற்றுவரை ஒரு கடிதமும் அனுப்பாத சர்வர் ஒரே இரவில் 3000 அனுப்புகிறது. நாலில் ஒன்று திரும்புகிறது. யாருடைய பட்டியலையோ வாங்கி வீசுகிறவன் இப்படித்தான் நடந்துகொள்வான். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கைவிடப்பட்ட பழைய முகவரிகள் சிலவற்றை மெயில் நிறுவனங்களும், ஸ்பாமரைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கும் அமைப்புகளும் பொறியாக வைத்திருக்கின்றன. அந்த முகவரியில் ஆளில்லை. அதற்குக் கடிதம் வந்தால், அனுப்பியவன் தன் பட்டியலைச் சுத்தம் செய்யாதவன் என்று தெரிந்துவிடும். நம்முடைய எக்செல்லில் அப்படி எத்தனை இருந்தனவோ.

எல்லாவற்றையும்விட, ஸ்பாம் பொத்தான். கூகுள் சொல்லும் கணக்கு, புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக் கூடாது, ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3000 பேருக்கு அனுப்பினால் ஒன்பது பேர் பொத்தானை அமுக்கினாலே எல்லைக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அண்ணன்மார்களில் எத்தனை பேர் அமுக்கியிருப்பார்கள்? ஒருவர் என்னிடமே சொன்னார்: "எனக்கு வர வேண்டாம்னு சொல்ல வழி எதுவும் தெரியலப்பா. ஸ்பாம்னு ஒண்ணு இருந்துச்சு, அதை அமுக்கினேன்." தப்பு அவர் பேரில் இல்லை. வெளியே போகக் கதவு வைக்காதவன் நான். அவருக்கு வேண்டாம் என்று அவர் அமுக்கியது, அடகுக் கடை வரைக்கும் போனது.

'விலகிக்கொள்ள' என்று ஒரு இணைப்பு வைக்க வேண்டும் என்று செயற்குழுவில் சொன்னபோது பெரிய எதிர்ப்பு. "நம்ம சங்கத்தை விட்டுப் போறதுக்கு நாமளே வழி காட்டுறதா? நல்லா இருக்கே!" என்றார் ஒரு மூத்தவர். அரை மணி நேரம் வாதம். கடைசியில் பொருளாளர் அக்காதான் முடித்து வைத்தார்: "போறவர் சத்தமில்லாம போனா ஒருத்தர்தான் போவார். கதவை உடைச்சுட்டுப் போனா, இருக்கிறவங்களுக்கும் கதவு இருக்காது." இப்போது கடிதத்தின் மேலேயே அந்த இணைப்பு இருக்கிறது. ஒரு சொடுக்கு, கேள்வி கிடையாது. இதுவரை விலகியவர்கள் நாங்கள் பயந்ததில் பாதிகூட இல்லை.

வேறு என்ன செய்தோம்? திரும்பி வந்த முகவரிகளை அன்றைக்கே நீக்கினோம். விழா அறிவிப்புக்கு ஒரு துணை டொமைன், உதவித்தொகைக் கடிதங்களுக்கு இன்னொன்று என்று பிரித்தோம். விழா அழைப்பின் பெயர் கெட்டாலும் மாணவர் கடிதத்தை அது அவ்வளவாகத் தொடாமல் இருக்க. சர்வரின் எண்ணைத் தலைகீழாகத் தேடினால் நம் பெயர் வரும்படி டி.என்.எஸ்.ஸில் பதிவு செய்தோம். முதலில் ஒரு நாளைக்கு ஐம்பது, அடுத்து நூறு என்று, பதில் போடக்கூடிய ஆட்களிலிருந்து மெல்ல ஆரம்பித்தோம். படமாக ஒட்டிய அழைப்பிதழை எழுத்தாக மாற்றினோம்.

'இலவசம்' என்று எழுதாதே, ஆச்சரியக்குறி போடாதே என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். அதெல்லாம் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. வீட்டில் தண்ணீர் ஒழுகும்போது வாஸ்து பார்ப்பது மாதிரி. யார் அனுப்புகிறார், பெறுகிறவர் அதைத் திறக்கிறாரா, புகார் செய்கிறாரா, இவைதான் கனமானவை. ஆச்சரியக்குறியை நான் குறைத்துக்கொண்டது படிக்கிறவர்களுக்காக.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. வாரத்தில் ஒரு நாள் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். 30 நாள் தாண்டினால் அது போனது போனதுதான். நல்ல கடிதம் அங்கே கிடந்தால் படித்துவிட்டு அப்படியே விடாதீர்கள். 'ஸ்பாம் இல்லை' என்பதை அமுக்குங்கள், முகவரியைக் காண்டாக்ட்ஸில் சேருங்கள். அடுத்த கடிதம் உங்களுக்குச் சரியாக வர அது உதவும். சொந்தமாகப் படிவம் எழுதி, சிம்போசியத்துக்குப் பதிவு வாங்குகிற பிள்ளைகள் கவனிக்க: உங்கள் ஜிமெயில் முகவரியை ஃப்ரம் இடத்தில் போட்டு உங்கள் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். கூகுள் அதைத் தன் விதிகளில் தனியாகவே எழுதி எச்சரித்திருக்கிறது. கல்லூரி டொமைனில் ஒரு முகவரி கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். "ஏற்றுக்கொண்டேன்" என்று எதிர் சர்வர் சொல்லும், எந்தப் பெட்டியில் போட்டது என்று சொல்லாது. அதனால் உதவித்தொகைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மூன்று நாளில் பதில் வராத மாணவருக்குப் போன் செய்ய வேண்டும். போன் எடுக்காவிட்டால் துறையில் சொல்லி வகுப்பில் ஆள் அனுப்ப வேண்டும். 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுத வேண்டுமானால், யார், எந்தத் தேதியில், எந்த எண்ணில் பேசினார் என்று பக்கத்தில் எழுத வேண்டும். இது 2024-லிருந்து நடக்கிறது.

அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அடுத்த செமஸ்டரில் கொடுக்க முடிந்தது. இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கடனை வாங்கிக் கட்டி முடித்துவிட்டார்கள். ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டான். கட்டணத்தால்தானா என்று கேட்டேன், அவன் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் 2025-ல் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். தோடு திரும்பி வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வாசலில் அதே மேசையில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. இப்போது பயன்படுத்தும் முகவரியைத் தெளிவான எழுத்தில் எழுதுங்கள். சங்கக் கடிதம் வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு டிக், வேண்டாம் என்றால் ஒரு கோடு. கோடு போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். போன மாதம் அனுப்பிய இந்த விழா அழைப்பு யாருக்காவது ஸ்பாமில் கிடந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு போனோடு என்னிடம் வாருங்கள், கேன்டீன் வேப்பமரத்தடியில் இருப்பேன்.